மேல்மடையில் உட்கார்ந்த மேல்சபை

நேற்றுக் கடையில் கருப்பட்டி வாங்கி வந்தேன். வீட்டில் வந்து பொட்டலத்தைப் பிரித்தால், பாகு ஒட்டி ஈரமாகிக் கிடந்த காகிதத்தில் 'மேல்சபை' என்ற சொல் கண்ணில் பட்டது. ஏதோ ஒரு தமிழ்ப் பத்திரிகையின் தாள். டில்லியில் இனி ஒன்றுக்கு இரண்டாகச் சபைகள் இருக்கும், கீழே ஒன்று, மேலே ஒன்று, கீழ்சபை செய்வதை மேல்சபை நிதானமாகப் பார்த்துச் சொல்லும் என்றெல்லாம் எழுதியிருந்தது. அந்த மேல்சபையில் யார் யார் உட்காருவார்கள் என்று சொல்ல வந்த இடத்தில் தாள் கிழிந்திருந்தது.

நீர் உயிரோடு இருந்திருந்தால் மிச்சத் தாளைத் தேடிக் கடைக்கே திரும்பிப் போயிருப்பீர். நான் போகவில்லை. கையில் கருப்பட்டி மணக்க மணக்க உம்மைத்தான் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தச் சொல்லை நான் முதன்முதலில் உம் வாயில்தானே கேட்டேன்?

பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் நீர் இங்கிலீஷும் சரித்திரமும் நடத்தினீர். நான் அடுத்த வகுப்பறையில் கணக்கு. நடுவில் ஒரு தட்டிதான். சீமையில் கீழ்சபை அனுப்பிய வரவுசெலவுத் திட்டத்தை மேல்சபையான பிரபுக்கள் சபை ஏற்க மறுத்துப் பெரிய சண்டை மூண்ட வருஷம் அது. பத்திரிகை வந்த நாளெல்லாம் உம் குரல் தட்டியைத் தாண்டி வந்து என் வகுப்பையும் கலைத்துவிடும். பையன்கள் பின்னத்தை விட்டுவிட்டுப் பிரபுக்களைக் கேட்பார்கள்.

ஒருநாள் சாயங்காலம் ஆற்றுப்பாலத்தில் நடந்துகொண்டிருந்தோம். ஜனங்கள் தேர்ந்தெடுத்த சபை ஒன்று இருக்க, அதற்கு மேல் இன்னொன்று எதற்கு என்று உம்மைக் கேட்டேன்.

"நீரு பரீட்சைப் பேப்பரு திருத்துவீரே, ராத்திரி கோவத்துல ஒரு பையனுக்கு முட்டை போட்டிருப்பீரு. காலையில அதையே இன்னொரு தடவை எடுத்துப் பாத்தா, பாதிக் கணக்கு சரியாப் போட்டிருக்கான்னு தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"அந்தக் காலைதான் வே மேல்சபை."

அந்த உதாரணத்தை உம்மிடமிருந்து எடுத்துக்கொண்டு ஓய்வுபெறும் வரை எத்தனையோ வகுப்புகளில் சொல்லியிருக்கிறேன். ஆனால் அப்போதே எனக்கு ஒரு சங்கடம் இருந்தது. ராத்திரி முட்டை போட்டவனும் நான், காலையில் திருத்தியவனும் நான். இரண்டு சபையிலும் ஒரே ஆள் உட்கார்ந்திருந்தால் அது சரிவரும். வேறு வேறு ஆட்கள் உட்கார்ந்தால்? இதைக் கேட்கத் தோன்றியது. அதற்குள் நீர் ஆற்றில் குளித்துக்கொண்டிருந்த யாரையோ கூப்பிட்டுப் பேசப் போய்விட்டீர்.

அடுத்த மாசமே உம் ஊரில் ஒரு சம்பவம் நடந்தது.

சீவலப்பேரிக்கு இந்தப் பக்கம் இருக்கிற ஊர். ஆற்றிலிருந்து பிரிகிற வாய்க்கால் மேற்கே மேல்மடையில் நுழைந்து, நடுவில் உமக்கிருந்த சின்ன வயலைத் தொட்டு, கிழக்கே கடைமடையில் போய் முடியும். தலைமுறையாக மேல்மடையின் பெரிய வீட்டு அண்ணாச்சி சொன்னதுதான் அங்கே தண்ணீர்ச் சட்டம். அந்த வருஷம்தான் பயிர் வைத்திருந்த எல்லாரும் புளியமரத்தடியில் கூடிக் கைதூக்கி முடிவு செய்யத் தொடங்கியிருந்தார்கள். உமக்கு அதில் எத்தனை சந்தோஷம்! "எங்க ஊருக்கும் பார்லிமெண்டு வந்துட்டுது வே" என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தீர்.

அந்தக் கூட்டம் முதன்முதலில் தண்டித்தது சுடலைமுத்துவை. அவர் நீர்பாய்ச்சி. எந்த மடையை எப்போது திறப்பது, எப்போது அடைப்பது என்பது அவர் பொறுப்பு. அதற்காக ஊர் அவருக்குக் கரையோரம் ஒரு குடிசையும் கடைமடைக் கடைசியில் ஒரு துண்டு வயலும் விட்டிருந்தது. ஒரு தடவை கடைமடைக்கு வந்த தண்ணீர் நூலாக வந்தது. மேல்மடைக்காரனுக்குக் களவாகத் திறந்துவிட்டான் என்று யாரோ ஒருவர் சொன்னார். கடைமடை முழுக்கக் கை தூக்கியது. தங்கள் பேர் அடிபடாமல் முடிந்தால் போதும் என்று மேல்மடையும் தூக்கியது. அன்றைக்கே குடிசையின் கூரையைப் பிரித்துப் போட்டுவிட்டார்கள். உள்ளே அவர் மனைவி பிள்ளை பெற்ற பச்சை உடம்போடு இருந்தாள். மழை வேறு.

பிறகு கரையைச் செப்பனிடப் போனவர்கள் நண்டு வளைகளைக் கண்டுபிடித்தார்கள். தண்ணீர் அவற்றின் வழியாக உடைமரக் காட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. சுடலைமுத்துவைத் திரும்பக் கூப்பிட்டார்கள், கூரையும் போட்டுக் கொடுத்தார்கள். ஆனால் அவர் அதற்கப்புறம் யார் முகத்தையும் நேராகப் பார்த்துப் பேசியதில்லை என்றீர்.

"எல்லாரும் சேந்து கைதூக்குனா தப்பு சரியாயிருமா வே? தப்புக்குக் கைதான் கூடும்."

அதைச் சொன்ன அன்று நீர் சாப்பிடவில்லை. ஊருக்கும் ஒரு மேல்சபை வேண்டும் என்ற முடிவுக்கு அன்றுதான் வந்தீர். துணைக்கு என்னையும் ஒரு சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போனீர்.

புளியமரத்தடிக் கூட்டம் இன்றும் எனக்குக் கண்முன் நிற்கிறது. நீர் எழுந்து நின்று, வகுப்பில் பேசுவதுபோல ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னீர். "கூட்டம் முடிவு செய்யட்டும். ஆனா செஞ்ச கையோட மண்வெட்டியத் தூக்கக் கூடாது. நிதானமான ஆளுங்க நாலஞ்சு பேரு தனியா உக்காந்து அதை இன்னொரு தடவை பாக்கணும். அதுக்கு மேல்சபைன்னு பேரு."

பின்னாலிருந்து ஒரு குரல்: "சபையா? சார்வாள் பைய இங்கன ஒரு வேதக்கோயில் கெட்டப் பாக்காவ, வே!"

கூட்டம் சிரித்தது. நீர் கிறிஸ்தவர், உங்களவர்கள் கோயிலில் கூடுவதற்கும் சபை என்றுதானே பேர். நீரும் சிரித்துவிட்டு, "கோயிலு இல்லய்யா. இது சீமையில இருக்கிற ஏற்பாடு" என்றீர்.

"சீமையில மட்டும் வேதக்கோயிலு இல்லியாக்கும்?"

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கடைமடைக்காரர் ஒருவர், சந்தேகமே இல்லாமல், தெரிந்ததைச் சரிபார்த்துக்கொள்வது போலக் கேட்டார்: "மேல்சபைன்னா மேல்மடைக்காரவுகதானே சார்வாள்?"

நீர் இல்லை என்று சொல்ல வாயெடுத்தீர். "பின்ன?" என்று அண்ணாச்சி அதற்குள் தலையாட்டி முடித்திருந்தார். நம் பக்கத்தில் மேல் என்றால் மேற்கு. மேலத்தெரு, கீழத்தெரு என்று பிறந்தது முதல் சொல்லி வளர்ந்தவர்கள். தண்ணீர் வருகிற திசை மேல், போகிற திசை கீழ். மேல்சபை என்றதும் அத்தனை தலையும் தண்ணீர் வருகிற பக்கம் திரும்பிவிட்டன. இருட்டுவதற்குள் ஐந்து பேரைப் பிடித்து உட்கார வைத்தார்கள். அண்ணாச்சி உட்பட ஐந்து பேருமே மேல்மடை. கடைமடைக்காரர்கள்தான் அதில் அதிகமாகக் கைதூக்கினார்கள்.

திரும்பி வருகிற வழியில், "பேரை மாத்தும்" என்று சொன்னேன்.

"பேரு கெடக்கட்டும் வே. வேலை நடக்குதான்னு பாரும்."

நீர் எழுதிக் கொடுத்த சட்டம் ஒரே ஒரு வரிதான். கூட்டத்தின் முடிவு சரியில்லை என்று மேல்சபை நினைத்தால், ஒரு முறை சுற்றி வரும்வரை அதை நிறுத்திவைக்கலாம். அதற்குப் பிறகும் கூட்டம் அதையே சொன்னால் கூட்டத்தின் சொல்தான் நிற்கும். வாய்க்கால் தண்ணீர் ஒவ்வொரு மடையாகப் பாய்ந்து முடித்து மறுபடி முதல் மடைக்கு வருவதை முறை என்பார்கள். அளவான காலம், கோபம் ஆறப் போதும், காரியம் கெடாது என்றீர். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

வேலையும் நடந்தது, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. ரங்கூனுக்குப் போயிருந்த ஒருவர் வீட்டு எருமை கரையை மிதித்து உடைத்துவிட்டதற்காக, அந்த வீட்டுக்கு இனித் தண்ணீரே கிடையாது என்று கூட்டம் ஒருநாள் கைதூக்கிவிட்டது. வீட்டில் பெண்கள் மட்டும். மேல்சபை அதை நிறுத்திவைத்தது. அடுத்த முறை வந்தபோது, இப்படியா முடிவு செய்தோம் என்று அவர்களுக்கே வெட்கமாகிவிட்டது. திங்கட்கிழமை காலையில் நீர் தட்டிக்கு மேலே தலையை நீட்டி, "பாத்தீரா, பாத்தீரா" என்று என் வகுப்பில் அத்தனை பையன்களும் பார்க்கக் கேட்டீர்.

அப்புறம் மழை பொய்த்த வருஷம் வந்தது. மழைக்காலத்தில் நட்டு மாசி, பங்குனியில் அறுக்கிற பிசானப் பயிர். மேல்மடைக்காரர்கள் முந்தி நட்டவர்கள், அவர்கள் கதிர் முற்றியாகிவிட்டது, இனித் தண்ணீர் அவ்வளவாகத் தேவையில்லை. கடைமடையில் அப்போதுதான் பயிர், கதிர் வெளிவராமல் பொதி கட்டி நின்றது. இன்னும் ஒரே ஒரு தண்ணீர், அது கிடைத்தால் நெல். இல்லையென்றால் சாவி, வெறும் பதர். இந்த முறை மேல்மடையை விட்டுவிட்டு எல்லாத் தண்ணீரையும் கடைமடைக்குத் திருப்புவது என்று கூட்டம் முடிவு செய்தது. கோபத்தில் செய்த முடிவு இல்லை. யாரும் குரலைக்கூட உயர்த்தவில்லை என்று நீரே சொன்னீர்.

மேல்சபை அதை நிறுத்திவைத்தது.

நீர் அன்றே புறப்பட்டீர், நானும் வந்தேன். அண்ணாச்சி தம் களத்துக் கொட்டகையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மரியாதையாக எழுந்து இடம் கொடுத்தார். "தள்ளவா செஞ்சோம்? நிதானமா யோசிக்கணும்னு நீருதானே வே சொல்லிக் குடுத்தீரு. யோசிக்கோம்" என்றார். அதில் கேலி இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அவர் தம்மை நிதானமான ஆள் என்றே நம்பினார். யோசிக்கிற நாளெல்லாம் பழைய ஏற்பாடே நடக்கும் அல்லவா? அந்தத் தண்ணீர் முற்றிய கதிருக்கு மேல்மடையில் பாய்ந்துகொண்டிருந்தது. இன்னொன்றும் அங்கே நின்றபோதுதான் கணக்கு வாத்தியாரான எனக்கே உறைத்தது. நல்ல வருஷத்தில் முறை விறுவிறுவென்று சுற்றிவிடும். வாய்க்கால் வற்றினால் ஒவ்வொரு வயலும் நனைய நேரம் பிடிக்கும், முறை நீண்டுகொண்டே போகும். எந்த வருஷத்தில் காத்திருக்க முடியாதோ, அந்த வருஷத்தில்தான் உம் சட்டம் அதிகமாகக் காக்க வைத்தது.

சீமைச் சண்டை அப்போது முடிந்திருந்தது. இணங்காவிட்டால் புதிய பிரபுக்களை நூற்றுக்கணக்கில் உண்டாக்கி உள்ளே அனுப்புவோம் என்று ராஜாவின் சம்மதத்தோடு மந்திரிகள் மிரட்டியதும், பிரபுக்கள் இறங்கி வந்திருந்தார்கள். அந்த நம்பிக்கையில்தான் நீர் பேசினீர்.

"கடைமடையிலேருந்தும் அஞ்சு பேரைச் சேப்போம் அண்ணாச்சி. சீமையிலேயே அப்படித்தான் வழிக்கு வந்தாவ."

அண்ணாச்சி சிரித்தார். "பேரு மேல்சபை. அதுல கடைமடைக்காரன் எப்படி வே உக்காருவான்? வாய்க்கால் மேலேறி ஓடுதா?"

கொட்டகையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள், வெளியே நின்ற கடைமடைக்காரர்கள் உட்பட. சீமையில் ஒரு ராஜா இருந்தார், புதிய பிரபுக்களை உண்டாக்க. உம் ஊரில் யார் இருந்தார்கள்?

அதற்குப் பிறகு நடந்ததுதான் உம்மை விடாமல் பிடித்துக்கொண்டது. நாம் கரைவழியாகத் திரும்பும்போது சுடலைமுத்து மடையருகே மண்வெட்டியை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். அவருடைய வயல்தான் எல்லாவற்றுக்கும் கடைசி. இலை சுருண்டு நின்றது. கூரை பிரித்த நாளுக்குப் பிறகு முதன்முதலாக அன்று உம் முகத்தை நேராகப் பார்த்தார்.

"ஒரு வார்த்தை சொல்லுங்க சார்வாள். கூட்டம் சொல்லிட்டுதுல்லா. இப்பவே தொறந்து விட்டுருதேன்."

நீர் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நின்றீர். உம் மனசில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும். இதே மனிதரை, களவாகத் திறந்தார் என்று சொல்லித்தான் கூரையைப் பிரித்துத் துரத்தினார்கள். இன்று நிஜமாகவே திறந்துவிட்டால் யார் காப்பாற்றுவார்கள்? அவருக்காக எழுதிய சட்டத்தை அவரையே உடைக்கச் சொல்வதா?

"வேண்டாம் முத்து. ஒரு முறைதானே. பொறு."

அவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

முறை சுற்றி வந்தது. கூட்டம் கூடி அதே முடிவை மறுபடி எடுத்தது. மேல்சபை உடனே வணங்கி ஒப்புக்கொண்டது, சட்டப்படி. தண்ணீரும் கடைமடைக்கு வந்தது. வந்து பதரை நனைத்தது.

சுடலைமுத்து குடும்பத்தோடு இலங்கைக்குப் புறப்பட்டார். தூத்துக்குடிக்கு ரயிலேற்றிவிட நீர் ஸ்டேஷனுக்குப் போனீர். நானும் கூட வந்தேன். அவர் உம் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் மனைவிதான் பெட்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, ஜன்னல் வழியாகக் கேட்டாள்: "கொழும்புலயும் ரெண்டு சபை இருக்கா சார்வாள்?"

அதன் பிறகு வகுப்பில் சீமைப் பார்லிமெண்டு பாடம் வரும்போது தட்டிக்கு இந்தப் பக்கம் ஒன்றும் கேட்காது. புத்தகத்தில் இருப்பதை மட்டும் வாசித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவீர். ஊர் மேல்சபையும் ஒன்றிரண்டு வருஷத்தில், யாரும் கலைக்காமலே, கூடாமல் போயிற்று.

சென்ற ஐப்பசியில் விஷக்காய்ச்சல் உம்மைப் படுக்கையில் போட்டபோது, பக்கத்தில் வராதே என்று எல்லாரும் சொல்லியும் வந்தேன். கண் திறந்ததும், "பொறுன்னு சொன்னேன் வே. பொறுக்கப் போறது யாருன்னு பாக்கல" என்றீர். காய்ச்சல் வேகத்தில் உளறுகிறீர் என்று உம் வீட்டில் நினைத்தார்கள். நான் நினைக்கவில்லை. நீர் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

இதையெல்லாம் இப்போது எழுத இன்னொரு காரணமும் உண்டு. இன்று காலையில் உம் ஊரிலிருந்து இருவர் என்னைத் தேடி வந்தார்கள். ஒருவர் அண்ணாச்சியின் மூத்த மகன். அண்ணாச்சி காலமாகி, இப்போது இவர்தான் பெரிய வீட்டுக்குப் பெரியவர். மற்றவர் கடைமடைக்காரர், தாடியெல்லாம் நரைத்தவர். வாய்க்கால் கூட்டத்துக்குப் புதிதாகச் சட்டம் எழுத வேண்டுமாம். நீர் இல்லாததால் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

"ஒரே கூட்டம் போதும்னு எழுதுங்க சார்வாள்" என்றார் கடைமடைக்காரர். "ரெண்டு வச்சு நாங்க பட்டது போதும்."

"ஏன், சுடலைமுத்து கூரையப் பிச்சது எந்தக் கூட்டம்? உம்ம கூட்டந்தானே?" என்றார் அண்ணாச்சி மகன்.

"வயலக் காய வச்சது உம்ம கூட்டம்லா?"

இருவரும் சொல்வது உண்மை. அதுதான் என் கஷ்டம். காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு, கணக்கைப் போடுவதுபோலப் போட்டுப் பார்த்தேன். நிறுத்திவைத்தால் அதுவரை முடிவு நடக்கக் கூடாது என்று எழுதினால், கூரை தப்பும், வயல் காயும். அதுவரை முடிவு நடந்துகொண்டே இருக்கட்டும் என்று எழுதினால், வயல் தப்பும், கூரை போய்விடும். இரண்டு பேராக இருந்தால்கூட எந்தப் பக்கம் நியாயம் அதிகம் என்று நிறுத்துப் பார்க்கலாம். கூரையும் ஒருவருடையது, வயலும் அவருடையதே. இரண்டையும் காக்கிற ஒரு வரி எனக்கு அகப்படவில்லை. உமக்கு அகப்பட்டிருக்குமா?

கடைசியில், இரண்டாவது கூட்டமும் இருக்கட்டும் என்றே எழுதினேன். அவசரத்தில் தூக்கிய கைகளை நான் பார்த்திருக்கிறேன், அதை மறக்க முடியவில்லை. மேல்மடையிலிருந்தும் கடைமடையிலிருந்தும் சரிபாதி ஆட்கள் என்று எழுதினேன். நிறுத்திவைக்கும் காலத்தை முறையால் அளக்கக் கூடாது, நாள் எண்ணி அளக்க வேண்டும் என்று எழுதினேன். மேல்சபை என்ற பேரை எழுதவில்லை.

அண்ணாச்சி மகன் வாங்கி வாசித்துவிட்டு, "எல்லாம் சரி. இந்த ரெண்டாவது கூட்டம் எங்கன கூடணும்னு போடலியே?" என்று கேட்டார்.

நான் அதை யோசித்திருக்கவே இல்லை. ஆனால் கேட்டதும் பதில் வந்துவிட்டது.

"கடைமடைக் கடைசி வரப்புல."

"அங்கன நிழலே கெடையாதே, சார்வாள்."

"கெடையாது" என்றேன்.

கடைமடைக்காரர் தாடியைத் தடவிக்கொண்டு சிரித்தார். அண்ணாச்சி மகன் சிரிக்கவில்லை. காகிதத்தை மடித்து மடியில் செருகிக்கொண்டு, ஊரில் கேட்டுச் சொல்கிறேன் என்று போய்விட்டார். ஒப்புக்கொள்வார்களா என்று தெரியவில்லை. வரப்பில் உட்கார்ந்தாலும் அவர்கள் கண்ணில் என்ன படும், என்ன படாது என்பதும் தெரியவில்லை. டில்லியில் உட்காரப் போகிறவர்களை எந்த வரப்பில் உட்கார வைப்பது என்று எனக்குச் சுத்தமாகத் தெரியவில்லை.

என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு சின்னப் பழக்கம் மட்டும். யாரிடமாவது 'பொறு' என்று சொல்ல வாயெடுத்தால், அவர் வெயிலில் நிற்கிறாரா என்று முதலில் பார்த்துவிடுகிறேன்.